ரத்தத்தில் ஜிங்க் 68 என்றால் பரு அதனால்தானா?

ஜிங்க் 68 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, பருவுக்கு அதுதான் காரணமா, மாத்திரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. பரு உள்ளவர்களுக்குச் சராசரியாக ஜிங்க் சற்றுக் குறைவு என்று பல ஆய்வுகளில் வந்திருப்பது உண்மைதான். ஆனால் உடம்பில் உள்ள ஜிங்க்கில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், ஓடுகிறது. சாப்பிட்டபின் ரத்தம் கொடுத்தாலோ காய்ச்சல் இருந்தாலோ அளவு இறங்கும். சாம்பிளில் சிவப்பணு உடைந்திருந்தால் ஏறும். வழக்கமான வரம்பு டெசிலிட்டருக்கு 70 முதல் 120 மைக்ரோகிராம். 68 அதன் விளிம்பில்தான் நிற்கிறது. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தமா என்று முதலில் பாருங்கள்.

மாத்திரை கொஞ்சம் உதவும், அதுவும் சிவந்து வீங்கிய பருவுக்கு. 2001-இல் வெளியான, 332 பேர் கலந்துகொண்ட ஆய்வில் தினம் 30 மி.கி. ஜிங்க்கையும் 100 மி.கி. மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கையும் மூன்று மாதம் ஒப்பிட்டார்கள். நல்ல பலன் கண்டவர்கள் ஜிங்க்கில் 31 சதவீதம், மினோசைக்ளினில் 63.

பலர் கோட்டைவிடுவது அட்டையைப் படிப்பதில்தான். 'ஜிங்க் குளுகோனேட் 50 மி.கி.' என்று அச்சிட்டிருந்தால் அதில் ஜிங்க் 7 மி.கி. மட்டுமே. 'ஜிங்க் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 220' என்றால் 50 மி.கி. வந்துவிடும். முதல் ஆள் "ஒன்றும் கேட்கவில்லை" என்பார், இரண்டாமவர் வாந்தி எடுப்பார். உப்பின் எடையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் ஜிங்க்கைக் கணக்குப் போடுங்கள். மல்டிவிட்டமினில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

30 மி.கி., சாப்பாட்டுக்குப் பின், மூன்று மாதம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள், உறிஞ்சுவது குறையும். பருவுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விடவேண்டும். தினம் 40 மி.கி.க்கு மேல் மாதக்கணக்கில் போனால் தாமிரச் சத்து குறைந்து ரத்தசோகை வரலாம், வெள்ளணு குறையலாம், சிலருக்குக் கால் மரத்துப்போகலாம்.

சாப்பாட்டில் பயறு, முழுதானியம் நிறைய இருந்தும் அவற்றிலுள்ள ஃபைடேட் என்ற பொருள் ஜிங்க்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டினாலும், இட்லி மாவுபோலப் புளிக்கவைத்தாலும் அந்தப் பிடி தளரும்.

பருவுக்கு இரவில் போடும் அடபலீன் களிம்பை இதற்காக நிறுத்தாதீர்கள். ஆழமான கட்டிப் பருவாக வந்து குழி விழுகிறது என்றால் ஜிங்க்கை நம்பி மூன்று மாதம் ஓட்டாமல் இப்போதே தோல் மருத்துவரைப் பாருங்கள்.