ஒன்பதாவது வாரத்தில் போட்டி

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி நீங்கள் எழுதுபவற்றைத் தொடர்ந்து படித்து வருகிறேன். சிறுவயதில் நீங்களே போட்டிகளில் ஆடியவர் என்பதால் உங்களிடம் இதைக் கேட்கத் துணிகிறேன்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆறு வயதிலிருந்து பயிற்சிக்குப் போகிறாள். மூன்று வாரங்களுக்கு முன் பீம் என்ற ஒடுங்கிய நீள்கட்டையின் மேல் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்பக்கமாகப் பாய்ந்து, கை ஊன்றிப் புரண்டு எழுவது) செய்தபோது கால் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்துவிட்டாள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பு முறிந்திருக்கிறது. முறிவு வளர்ச்சித் தட்டையும் தொட்டுப் போகிறது என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. எலும்பை நேர்படுத்தி மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் என்று சொல்லியிருக்கிறார்.

விழுந்த நாளிலிருந்து எண்ணினால் சீசனின் இறுதிப் போட்டி ஒன்பதாவது வாரத்தில் வருகிறது. ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தால் மீதி மூன்று வாரம் தயாராகப் போதும் என்கிறார் பயிற்சியாளர். இந்த ஆண்டு விட்டுவிடலாம் என்கிறாள் என் மனைவி. மகள் எதுவும் சொல்வதில்லை. நாட்காட்டியில் போட்டி நாளைச் சிவப்பில் வட்டமிட்டு, தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வருகிறாள். பயிற்சிக்கூடத்துக்குப் போய்த் தோழிகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அழைத்தால் மட்டும் கோபித்துக்கொள்கிறாள்.

ஒரு நாள் இரவு அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். வலது கையின் இரண்டு விரல்களைக் கால்கள் போல வைத்துக் கட்டிலின் விளிம்பில் நடக்கவிட்டுக்கொண்டிருந்தாள். நடந்து, திரும்பி, குதித்து, முழு ஆட்டத்தையும் விரல்களாலேயே ஆடினாள். ஓரிடத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றுவிட்டன. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அதே இடத்தில் மறுபடியும் நின்றன.

அவளைப் போட்டிக்கு அனுப்பலாமா? கூடத்துக்கு வற்புறுத்தி அழைத்துப் போகலாமா? வலி இல்லை என்கிறாள். நம்பலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஐயா,

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அனுப்ப வேண்டாம். மருத்துவ முடிவு அவளைப் பார்க்கும் எலும்பியல் மருத்துவருடையதுதான், அவரிடம் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். ஆனால் என் கருத்து என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் முறிவுக்கு ஒன்பதாவது வாரத்தில் பீமும், ஓடிவந்து கை ஊன்றித் தாண்டும் வால்ட்டும் மிகவும் சீக்கிரம்.

பயிற்சியாளர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். ஆறும் மூன்றும் ஒன்பது என்று அவர் போட்ட கூட்டலும் சரி. ஆனால் மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளை எலும்பு முழுக்கக் குணமான நாளாக எடுத்துக்கொண்டதில்தான் கணக்கு பிசகுகிறது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போன்ற ஒரு மென்மையான இணைப்பு உண்டாகிறது. அதன்மேல் சுண்ணாம்புச் சத்து படிந்து அது கெட்டிப்படுகிறது. கட்டைப் பிரிக்கும்போது இருப்பது இந்தக் கெட்டிப்பட்ட இணைப்புதான். புத்தகப் பையைத் தூக்கவும் கதவைத் திறக்கவும் அது போதும். எலும்பு தன் பழைய வடிவத்தையும் உள்ளமைப்பையும் மீட்டெடுக்கும் வேலை அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் நடக்கிறது. முன்கை எலும்பு முறிந்த குழந்தைகளில் சிலருக்கு அதே இடத்தில் மறுபடி முறிவதுண்டு. அது பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே நேர்கிறது.

இனி அந்தக் கை எதைத் தாங்கவேண்டும் என்று பாருங்கள். பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கில் கை தரையைத் தொடும் கணத்தில் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விசை அதில் இறங்குகிறது. அதையும் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டையின் மேல், தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் செய்கிறாள். மற்ற விளையாட்டுகளில் கை கையாகவே இருக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸில் அது இன்னொரு காலாகிவிடுகிறது. கால் எலும்பு முறிந்த ஓட்டக்காரியை ஒன்பதாவது வாரத்தில் நூறு மீட்டர் ஓடு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வளர்ச்சித் தட்டைப் பற்றித்தான் இன்னும் கொஞ்சம் பேசவேண்டும். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய வரி அதுதான். குழந்தைகளின் நீண்ட எலும்புகளில் முனைக்கு அருகே மென்மையான ஒரு பட்டை இருக்கிறது. எலும்பு நீளமாவது அங்கேதான். ஆரை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு மணிக்கட்டை ஒட்டிய இந்தத் தட்டிலிருந்து வருகிறது. 1963இல் சால்ட்டர், ஹாரிஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இத்தகைய முறிவுகளை ஐந்து வகைகளாகப் பிரித்தார்கள். மருத்துவர்கள் இன்றும் அந்த வகைப்பாட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் மகளுக்கு எந்த வகை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மிகப் பரவலாகக் காணப்படுவது இரண்டாம் வகை. அது பெரும்பாலும் நன்றாகவே குணமாகிவிடுகிறது, அதனால் பயந்துவிட வேண்டாம். ஆனால் அரிதாக அந்தத் தட்டு சேதமாகி, ஆரை எலும்பின் வளர்ச்சி நின்றுவிடலாம். பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். சுண்டுவிரல் பக்கத்தில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். முறிவே இல்லாமல், கையை ஊன்றி ஊன்றி இந்தத் தட்டு நைந்துபோகும் சிறுமிகளும் இருக்கிறார்கள். ‘ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு’ என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆகவே கட்டைப் பிரித்ததோடு மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் எக்ஸ்ரே எடுத்து வளர்ச்சி சீராக இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமா எனக் கேளுங்கள். கை நன்றாகிவிட்டது என்று எல்லோரும் மறந்துபோயிருக்கும் நேரத்தில்தான் அந்த எக்ஸ்ரே தேவைப்படும்.

வலி இல்லை என்கிறாள், நம்பலாமா என்று கேட்கிறீர்கள். பதின்மூன்று வயதில் எனக்கும் மணிக்கட்டு முறிந்தது. கட்டைப் பிரித்த பத்தாவது நாளே கைகளை ஊன்றித் தலைகீழாக ஹேண்ட்ஸ்டாண்டில் நின்றேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்பா கேட்டார், பயிற்சியாளர் கேட்டார், மருத்துவரும் கேட்டார். எல்லோரிடமும் வலிக்கவில்லை என்றேன். அதைப் பொய் என்றே நான் நினைக்கவில்லை. அந்த வயதில் போட்டிக்குப் போகவேண்டும் என்ற ஆசையும் வலிக்கவில்லை என்ற சொல்லும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. அந்த சீசனில் ஆடினேன். எலும்பு மறுபடி முறியவில்லை. ஆனால் பாரத்தை என்னை அறியாமலே வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். அடுத்த ஆண்டு வலது தோள் கெட்டது. அதைச் சரிசெய்வதில் ஒரு முழு சீசன் போயிற்று. கோணலாகக் கை ஊன்றும் அந்தப் பழக்கத்தை நான் கடைசிவரை முழுதாக விடவேயில்லை.

அதனால் அவளிடம் வலிக்கிறதா என்று கேட்பதைவிட அவளைக் கவனியுங்கள். கட்டைப் பிரித்தபிறகு, தரையில் உட்கார்ந்திருப்பவள் எழும்போது உள்ளங்கையை விரித்து ஊன்றுகிறாளா, முஷ்டியை மடக்கி ஊன்றுகிறாளா? கனமான கதவை எந்தக் கையால் தள்ளுகிறாள்? தலையை வாரும்போது இடது கை பாதியில் இறங்கிவிடுகிறதா? முஷ்டியை ஊன்றி எழும் குழந்தைக்கு மணிக்கட்டு இன்னும் பின்னால் வளையவில்லை என்று பொருள். ஹேண்ட்ஸ்டாண்டில் நிற்க அது கிட்டத்தட்ட 90 பாகை வளையவேண்டும்.

அந்த வளைவைத் திரும்பப் பெறுவதற்கே பல வாரங்கள் ஆகலாம். பிறகு சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தவழும் நிலையில் கொஞ்சம் கொஞ்சமாக எடையை ஏற்றுவது, தண்டால், சுவரோரம் ஹேண்ட்ஸ்டாண்ட், பக்கவாட்டில் சக்கரம்போலச் சுழலும் கார்ட்வீல், அதன்பின் மெத்தை மேல் ஹேண்ட்ஸ்பிரிங். பீம் இவை எல்லாவற்றுக்கும் பிறகு. ஒரு படியில் வலியோ வீக்கமோ மறுநாள் வரை தங்கினால் ஒரு படி கீழே இறங்கவேண்டும். இந்த வரிசையை மூன்று வாரத்துக்குள் அடைக்க முடியாது. பயிற்சியாளரிடம் சண்டை போட வேண்டாம். இந்தப் படிகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஒதுக்குவார் என்று அவரையே கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட்டையும் அவரையும் ஒருமுறை நேரில் பேச வையுங்கள்.

இத்தகைய நேரங்களில் யாராவது ஜப்பானிய ஜிம்னாஸ்ட் ஷுன் புஜிமோட்டோவின் கதையை எடுத்துவருவார்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முழங்கால் சில்லு உடைந்த நிலையில் பொம்மல் ஹார்ஸ் என்ற கைப்பிடி வைத்த கருவியில் பத்துக்கு 9.5, தொங்கும் வளையங்களில் 9.7 புள்ளி எடுத்தவர். ஜப்பான் அணி சோவியத் அணியை வெறும் 0.40 புள்ளியில் வென்று தங்கம் பெற்றது. அவருடைய மன உறுதிக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர் அப்போது இருபது வயதைத் தாண்டிய மனிதர், எலும்பெல்லாம் வளர்ந்து முடிந்தவர். வளையத்திலிருந்து அவர் குதித்து இறங்கியதில் காயம் இன்னும் மோசமானது. மறுபடி அப்படிச் செய்வீர்களா என்று பின்னாளில் கேட்டபோது மாட்டேன் என்றுதான் சொன்னார். கதை சொல்பவர்கள் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மகளுக்கு நான் சொல்ல விரும்புவது பிரான்சின் ஜிம்னாஸ்ட் சமீர் ஐத் சயீதின் கதையை. காயத்தால் 2012 லண்டன் ஒலிம்பிக்கைத் தவறவிட்டவர். 2016இல் ரியோவில் வால்ட்டிலிருந்து இறங்கியபோது இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. 2019 உலகப் போட்டியில் வளையங்களில் வெண்கலம் வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் தன் நாட்டின் கொடியை ஏந்தி வந்தார். வளையங்களில் நான்காவது இடம், பதக்கம் கிடைக்கவில்லை. ஆனாலும் முறிவுக்கும் அந்த மேடைக்கும் நடுவே ஐந்து ஆண்டுகள் இருந்தன. உங்கள் மகள் இழக்கப்போவது ஒரு சீசனின் கடைசிப் போட்டியை.

அது சின்ன இழப்பு என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். பன்னிரண்டு வயதில் அது சின்னதல்ல. அழுதால் அழட்டும்.

இனி கூடம். வற்புறுத்த வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். மற்றவர்கள் ஆடுவதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க அவளால் முடியாது, என்னாலும் முடிந்ததில்லை. பார்வையாளராக அழைத்தால் கோபம் வருவது இயல்பு. பயிற்சிக்காக அழைத்துப் பாருங்கள். மருத்துவர் சம்மதித்தால் வயிறு, முதுகு, கால்களுக்கான பயிற்சி, கால்களை நேர்க்கோட்டில் விரித்து அமரும் ஸ்ப்ளிட்ஸ், நடனப் பகுதிகள் எல்லாவற்றையும் அவள் செய்யலாம். விழ வாய்ப்புள்ள எதையும் தொடக்கூடாது. வலது கைக்கு வலுப் பயிற்சி கொடுத்தால் கட்டுக்குள் இருக்கும் இடது கையின் தசை வலுவும் ஓரளவு காப்பாற்றப்படுகிறது. ஒரு பக்கத்துக்குத் தரும் பயிற்சி மறுபக்கத்துக்கும் போய்ச் சேர்வதை ஆய்வுகள் பலமுறை உறுதிசெய்திருக்கின்றன. இதை அவளிடம் சொல்லுங்கள். தன் இடது கைக்காக இன்றே ஏதோ செய்ய முடிகிறது என்று தெரிந்தால் அவளே கிளம்பக்கூடும்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். ஓய்வில் எடை கூடிவிடும் என்று பயந்து, இந்த விளையாட்டில் இருக்கும் சிறுமிகள் காயமான காலத்தில் உணவைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எலும்பு கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைவிடக் கெடுதல் வேறில்லை. 9 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. அவள் தட்டில் எவ்வளவு மிச்சம் வைக்கிறாள் என்று உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கும்.

அந்த விரல்கள். உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன், ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டில் விளிம்பில் வந்து நின்றேன். மனத்துக்குள் ஆட்டத்தை ஓட்டிப் பார்ப்பது உண்மையான பயிற்சி. அனுபவமுள்ளவர்கள் எல்லோரும் செய்வது. அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் கண்டுபிடித்திருக்கிறாள். விரல்கள் நிற்கும் இடம் அவள் விழுந்த இடமாகத்தான் இருக்கவேண்டும். எலும்பு கூடியபிறகும் அந்த இடம் அங்கேயே இருக்கும். அந்த பயத்தோடு அவளை அதே உயரத்தில் ஏற்றக்கூடாது. தரையில் வரைந்த கோடு, பிறகு தரையோடு ஒட்டிய தாழ்வான பீம், பக்கத்தில் மெத்தைகள், கை கொடுக்கப் பயிற்சியாளர் என்று போகவேண்டும். இதற்கு நாள் குறிக்க எவராலும் முடியாது. நீங்கள் பார்த்தீர்கள் என்பதை அவளிடம் சொல்லவேண்டாம். ஒரு நாள் அவளாகவே அந்த இடத்தைப் பற்றிப் பேசினால், தைரியம் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

கடைசியாக ஒன்று. கட்டைப் பிரிக்கும் நாளுக்கு அவளைத் தயார்படுத்துங்கள். வெட்டும் கருவி பெரிய சத்தம் போடும். அதன் தகடு சுழல்வதில்லை, அதிர்கிறது மட்டும்தான். உள்ளிருந்து வரும் கை மெலிந்து, வெளுத்து, செதில் செதிலாகத் தோல் உரிந்து, ரோமம் அடர்ந்து இருக்கும். ஒரு வாடையும் அடிக்கும். பாரம் இறங்கியதில் கை தானாக மேலே மிதப்பதுபோல இருக்கும், மணிக்கட்டை அசைக்கச் சொன்னால் அசையாது. நான் அன்று மருத்துவரின் மேசையில் அந்தக் கையைப் பார்த்து, இது என் கை இல்லை என்று அழுதேன். சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.