8 ஜி.பி. ராமுக்கு மெமரி ஸ்கோர் 7.9 என்றால் ராம் பழுதா?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: விண்டோஸ் 10 லேப்டாப், 8 ஜி.பி. ராம். விண்டோஸோடு வரும் வின்சாட் என்ற வேகச் சோதனையை ஓட்டினால் மெமரிக்கு 7.9 வருகிறது. நண்பரிடம் அதே பிராசஸர், அதே 8 ஜி.பி., ஆனால் அவருக்கு 8.6. ராம் பழுதா, 16 ஜி.பி. ஆக்கினால் சரியாகுமா?

ஸ்கோர் கொஞ்சம் குறைவதை வைத்துப் பழுது என்று சொல்ல முடியாது. நான் முதலில் சந்தேகப்படுவது வேறொன்றை. உங்களுடையதில் 8 ஜி.பி. ஒரே ஸ்டிக்காக (ஒரே ராம் அட்டையாக) இருக்கும், நண்பருடையதில் 4-ம் 4-மாக இரண்டு ஸ்டிக் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் போய் மெமரியைச் சொடுக்குங்கள். கீழே வேகம் ஒரு வரியிலும், ஸ்டிக் செருகும் மொத்த ஸ்லாட்டுகளில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பது இன்னொரு வரியிலும் இருக்கும். இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது என்று காட்டினால் விஷயம் அநேகமாக அங்கேயே முடிந்தது.

இனி கொஞ்சம் பழைய கதை. 2011-இல் வாங்கிய என் முதல் லேப்டாப்பில் விண்டோஸ் 7, 4 ஜி.பி. ராம். அப்போது இந்த ஸ்கோர் ஒளிந்திருக்காது. கம்ப்யூட்டர் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தாலே கண்ணில் அடிக்கும். விஸ்டாவில் ஆரம்பித்த வழக்கம் அது; அதில் உச்சம் 5.9, விண்டோஸ் 7-இல் 7.9, விண்டோஸ் 8-இலிருந்து 9.9. பிராசஸர், மெமரி, கிராஃபிக்ஸ், கேமிங் கிராஃபிக்ஸ், ஹார்ட் டிஸ்க் என்று ஐந்துக்கும் தனித்தனி மார்க் போட்டு, அதில் எது மிகக் குறைவோ அதையே மொத்த ஸ்கோர் என்று பெரிய எழுத்தில் காட்டும். சராசரி கிடையாது. நான்கு பாடத்தில் தொண்ணூறு வாங்கி ஒன்றில் முப்பத்தைந்து வாங்கிய பையனுக்கு முப்பத்தைந்தையே ரேங்க் கார்டின் தலையில் எழுதுவது போல.

எனக்கு மெமரி 5.9. மெஷின் ஆன் ஆகி உருப்படியாக வேலைக்கு வர இரண்டு நிமிடம் ஆகும். இரண்டையும் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ராம்தான் மெதுவாக இருக்கிறது என்று முடிவு செய்து இன்னொரு 4 ஜி.பி. வாங்கிப் போட்டேன். ஸ்கோரை மறுபடி எடுத்தால் மெமரி 7.4! சந்தோஷம் அரை மணி நேரம் இருந்தது. மெஷின் ஆன் ஆக அதே இரண்டு நிமிடம். மொத்த ஸ்கோரும் அதே 5.9, ஏனென்றால் ஹார்ட் டிஸ்க்கும் 5.9-இல் உட்கார்ந்திருந்தது.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த 5.9 என் ராமின் வேகமே இல்லை. 64 பிட் பிராசஸர் இருந்து ராம் 4 ஜி.பி. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், அது எவ்வளவு வேகமாக ஓடினாலும் 5.9-க்கு மேல் மார்க் தராதே என்று விண்டோஸ் 7-இல் ஒரு விதி வைத்திருந்தார்கள். அதாவது அந்த எண்ணில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது: வேகத்தை அளந்து ஒரு மார்க், அதற்கு மேல் அளவை வைத்து ஒரு பூட்டு. நான் பூட்டைத் திறந்துவிட்டு வேகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். (சாதாரணமாகச் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கும் அதே 5.9-இல் பூட்டு உண்டு. எஸ்.எஸ்.டி. போட்ட அன்றுதான் அந்த இரண்டு நிமிடம் ஒழிந்தது.)

உங்களிடம் 8 ஜி.பி. இருப்பதால் இந்தப் பூட்டு உங்களுக்குப் பிரச்சினை இல்லை. 7.9-க்கும் 8.6-க்கும் உள்ள வித்தியாசம் அளந்ததில் வந்தது. என்ன அளக்கிறார்கள்?

மெமரியின் ஒரு பகுதியில் இருப்பதை எடுத்து இன்னொரு பகுதியில் எழுதுகிறார்கள். பெரிய பெரிய துண்டுகளாக, வீடியோ வேலைகளில் நடப்பது மாதிரி. ஒரு நொடியில் எத்தனை எம்.பி. நகர்ந்தது என்பதே விடை. ஒரு குடோனில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மூட்டை தூக்கும் ஆட்களின் வேகத்தைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடோனில் இன்னும் இடம் இருக்கிறதா, வெளியே லாரி நிற்கிறதா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

ஒரே ஸ்டிக் என்றால் ஒரே வழி. டிடிஆர்4 2400 ஸ்டிக்கை (டிடிஆர்4 ராமின் வகை, 2400 அதன் வேகம்) எடுத்துக்கொண்டால், நொடிக்கு 2400 மில்லியன் முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட். பெருக்கினால் 19,200 எம்.பி. அதுதான் காகிதக் கணக்கில் உச்சம். இரண்டு ஸ்டிக் போட்டு இரண்டு சேனலும், அதாவது இரண்டு வழியும், திறந்தால் 38,400. நிஜத்தில் இதைத் தொடாது, நகல் எடுக்கும்போது படிப்பதும் எழுதுவதும் ஒரே வழியில்தானே நடக்க வேண்டும். என் இப்போதைய லேப்டாப்பில் ஒரு ஸ்டிக் இருந்தபோது பதினாலாயிரத்துச் சொச்சம் வந்தது. இரண்டாவது போட்ட பிறகு இருபத்திரண்டாயிரத்தை ஒட்டி.

ஆகவே நண்பரோடு ஒப்பிட வேண்டுமென்றால் 7.9, 8.6 என்ற மார்க்கை விட்டுவிட்டு இந்த எம்.பி. கணக்கை எடுங்கள். மார்க் நேர்கோட்டில் ஏறுவதில்லை. 8-இலிருந்து 9-க்குப் போவதை எட்டில் ஒரு பங்கு வேகம் என்று படிக்கக் கூடாது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் வின்சாட் (winsat) என்று அடித்து, ஒரு இடம் விட்டு மெம் (mem) என்று அடித்தால் போதும். சில நொடிகளில் நொடிக்கு இத்தனை எம்.பி. என்று நேராகச் சொல்லிவிடும். குரோமையெல்லாம் மூடிவிட்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறித்தான் வந்தது.

மார்க்கே வேண்டும் என்றால் மெம் என்பதற்குப் பதில் ஃபார்மல் (formal) என்று அடிக்க வேண்டும். சார்ஜரைச் செருகாமல் அது ஓடாது, பேட்டரியில் இருக்கிறாய் என்று திருப்பி அனுப்பிவிடும். இன்னொரு பொறி: விண்டோஸ் 8.1-இல் ஸ்கோர் காட்டும் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டதால் இப்போது எல்லோரும் பவர்ஷெல்லில் ஒரு வரி அடித்து மார்க்கைப் பார்க்கிறார்கள். அந்த வரி எதையும் அளக்காது, எப்போதோ அளந்து வைத்ததை எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். ராம் மாற்றிவிட்டு உடனே பார்த்தால் பழைய மார்க்கே வரும், "காசு போச்சே" என்று தலையில் கை வைப்பீர்கள். மார்க்குகளோடு அசெஸ்மென்ட் ஸ்டேட் என்று ஒரு எண் வரும். 1 என்றால் மார்க் செல்லும். 2 என்றால் அளந்த பிறகு ஹார்டுவேர் மாறியிருக்கிறது. 3 என்றால் இன்னும் அளக்கவே இல்லை.

பழுதைப் பற்றியும் கேட்டீர்கள். இந்தச் சோதனையின் வேலை அது இல்லை. என் தங்கையின் லேப்டாப் வாரத்துக்கு இரண்டு முறை நீலத்திரை காட்டி விழும், அதில் மெமரி மார்க் என்னுடையதை விட நன்றாகவே இருந்தது. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று இன்னொன்று விண்டோஸிலேயே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கிடைக்கும், ரீஸ்டார்ட் ஆகி ராம் முழுக்க எழுதிப் படித்துச் சரிபார்க்கும். அவள் ஸ்டிக்கில் பிழை இருப்பதை அதுதான் பிடித்தது. நீலத்திரை, ஃபைல் கெட்டுப்போவது, தானாக ரீஸ்டார்ட் ஆவது போன்றவை உங்களுக்கு இருந்தால் அதை ஓட்டுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

16 ஜி.பி. ஆக்குவதா? ஸ்கோருக்காக வேண்டாம். வழக்கமாக நீங்கள் திறக்கும் எல்லாவற்றையும் திறந்துவைத்து, அதே டாஸ்க் மேனேஜர் பக்கத்தில் எவ்வளவு பயனில் இருக்கிறது என்று பாருங்கள். 8-இல் ஐந்தரை, ஆறு என்று நின்றால் கூடுதல் ராம் சும்மா கிடக்கும். ஏழரையைத் தொட்டு, ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது டிஸ்க் 100 சதவீதத்துக்குத் தாவினால், குடோன் நிரம்பி மூட்டையை வெளியே அடுக்குகிறார்கள் என்று அர்த்தம். அப்போது வாங்குங்கள்.

வாங்குவதாக இருந்தால், காலியான ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜி.பி. போடுவதே மலிவு, இரண்டாவது சேனலும் திறந்துவிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்றால் இதில் நிஜமான லாபம் உண்டு. உள்ளிருக்கும் கிராஃபிக்ஸுக்கும் அதே ராம்தான் என்பதால் கேம் ஓடுவதில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வேர்ட், பிரவுசர், யூடியூப் அளவில் நான் எந்த வித்தியாசத்தையும் உணரவில்லை. கடையில் 3200 ஸ்டிக்தான் இருக்கிறது, அது வேகம் என்று ஆசை காட்டுவார்கள். பிராசஸர் 2400 வரைதான் தாங்கும் என்றால் அதுவும் 2400-இல்தான் ஓடும். அதே விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

சில லேப்டாப்பில் கொஞ்சம் ராம் போர்டிலேயே சால்டர் செய்து வரும், ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்கும். சிலவற்றில் அதுவும் கிடையாது. காசு கொடுப்பதற்கு முன் பின்மூடியைக் கழற்றியோ, மாடல் எண்ணைத் தேடியோ அதை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த ஸ்லாட் வரியில் என்ன வந்தது என்று கீழே போடுங்கள், எந்த ஸ்டிக் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.