படுவான்கரை வீட்டுக்குச் செய்மதி இணையம்: முதலில் வானத்தைப் பாருங்கள்

கேள்வி: மட்டக்களப்பின் படுவான்கரையில், வெல்லாவெளிக்கு மேற்கே, வயலும் காடும் சேருமிடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கிணற்றடியில் நின்றால்தான் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். மகள் பல்கலைக்கழக விரிவுரைகளை ஒன்லைனில் கேட்க வேண்டியுள்ளது. கட்டாரில் வேலை செய்யும் மகன், அங்கேயே ஸ்டார்லிங்க் செய்மதி இணையத் தட்டை வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறான். வளவைச் சுற்றித் தென்னையும் மாவும் நிற்கின்றன. மாரியில் இது வேலை செய்யுமா? கரண்ட் பில் கூடுமா?

பதில்: கிணற்றடியில் சிக்னல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். ஒரு தொலைபேசியில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, பொலித்தீன் பையில் சுற்றி, நீளமான மூங்கிலின் நுனியில் கட்டிக் கூரைக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். கீழே இன்னொரு தொலைபேசியை அதில் இணைத்து, வட்ஸ்அப் வீடியோ அழைப்பு எடுங்கள். படம் உறையாமல் பத்து நிமிடம் ஓடினால், ஓர் இரும்புக் குழாயின் உச்சியில் தொலைபேசிக் கோபுரத்தை நோக்கிப் பொருத்தும் வெளி அன்டெனாவும் ஒரு ஃபோர்ஜி ரூட்டரும் உங்களுக்குப் போதும். அது செய்மதியைவிடப் பல மடங்கு மலிவு.

அந்தச் சோதனை தோற்றால் செய்மதி இணையமே சரியான வழி. ஸ்டார்லிங்கிற்கு இலங்கையில் 2024 ஆகஸ்டில் உரிமம் வழங்கப்பட்டு, 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. பழைய வகைச் செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பதால், நாம் பேசியது போய்ப் பதில் வர அரை விநாடிக்கு மேல் ஆகும். ஸ்டார்லிங்கின் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்திலேயே சுற்றுவதால், விரிவுரையின் நடுவே மகள் கேள்வி கேட்டாலும் தாமதம் உறைக்காது. ஆனால் அவை ஓரிடத்தில் நிற்பவை அல்ல. சில நிமிடங்களில் ஒன்று தலைக்கு மேலால் கடந்துபோக, தட்டு அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே வானத்தின் ஒரு மூலை மட்டும் திறந்திருந்தால் போதாது.

உங்கள் வளவில் உண்மையான சிக்கல் இதுதான். வழக்கமான தட்டு சுமார் 110 பாகை அகலத்துக்கு வானத்தைப் பார்க்கிறது. தட்டு இருக்கும் மட்டத்திலிருந்து 10 மீற்றர் மேலெழும் தென்னை, அதிலிருந்து குறைந்தது 14 மீற்றர் தள்ளி நின்றால்தான் பார்வையை மறைக்காது. ஒரேயொரு தென்னையின் தலைப்பகுதி மறைத்தாலும், செய்மதி அந்தப் பக்கத்தால் போகும் சில விநாடிகளுக்குத் தொடர்பு அறுந்து அறுந்து வரும். இணையத்தில் செய்தி படிப்பவருக்கு அது தெரியாது. விரிவுரை கேட்பவருக்கு ஆசிரியரின் பாதி வசனம் போய்விடும். ஸ்டார்லிங்கின் செயலியை மகளின் தொலைபேசியில் இறக்கி, தட்டு வைக்க நினைக்கும் இடத்தில் நின்று கெமராவை வானமெங்கும் சுழற்றினால், மறைப்பு எங்கே என்று அதுவே காட்டும். தட்டு வாங்குமுன்பே இதைச் செய்யலாம். கூரை முகடு, மாட்டுக்கொட்டில், வயலைப் பார்த்த பக்கம் என மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். காய்க்கும் தென்னையை இதற்காகத் தறிக்க வேண்டாம். பெரும்பாலும் ஓர் உயரமான இரும்புக் குழாய் அந்த வேலையைச் செய்துவிடும். வழக்கமாக வரும் கேபிள் 15 மீற்றர்தான் என்பதையும் கணக்கில் எடுங்கள். யானை வரும் ஊரில் வேலியோரம் கம்பம் நடுவதைவிட வீட்டுச் சுவரோடு சேர்த்து இறுக்குவதே நல்லது. கேபிளை பிவிசி குழாய்க்குள் விட்டால் எலியும் குரங்கும் கடிக்காது.

மாரியைப் பற்றிய உங்கள் பயம் ஓரளவு நியாயமானதே. தூறலும் சாதாரண மழையும் ஒன்றும் செய்யா. கரிய மேகம் திரண்டு கொட்டும்போது சில நிமிடங்கள் தொடர்பு மங்கும் அல்லது நிற்கும், பிறகு தானாக வரும். மழையைவிட மின்னலுக்கே நான் அஞ்சுகிறேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கினால், ரூட்டரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். குழாய்க்கு முறையான எர்த் போடாமல் மின்வினைஞரை அனுப்பிவிடாதீர்கள்.

கரண்ட் பில் கட்டாயம் கூடும். வழக்கமான தட்டு 75 முதல் 100 வொட் வரை எடுக்கிறது; 75 வொட் என்று வைத்தாலும், இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 54 யூனிற். மாதம் 60 யூனிற்றைத் தாண்டியதும் வீட்டுக் கட்டணத்தின் விகிதமே மாறிவிடுவதால், இப்போது 50 யூனிற் பாவிக்கும் வீட்டில் இந்தத் தட்டின் செலவு மட்டுமல்ல, முழுப் பில்லுமே ஏறும். அதனால் சிறிய ‘மினி’ தட்டையே நான் சொல்வேன். அது 25 முதல் 40 வொட்டுக்குள் நிற்கும்; 12 வோல்ற்றிலும் இயங்கும். 100 ஆம்பியர்-அவர் பற்றரியொன்றை அரைவாசிக்கு மேல் இறக்காமல் பாவித்தாலும், நாளுக்குப் பத்து மணித்தியாலம் வீதம் ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஓடும். வெள்ளத்தில் வீதி மூழ்கி, கரண்டும் போய், கோபுரத்தின் பற்றரியும் இறங்கும் நாட்களில், சோலார் தகட்டோடு சேர்ந்த இந்த ஏற்பாடு உங்கள் அயலுக்கே உதவும்.

கட்டாரிலிருந்து தட்டை அனுப்ப வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். வீட்டுப் பாவனைக்கான ஸ்டார்லிங்க் இணைப்புத் திட்டம் (பக்கேஜ்) பதிவான முகவரியோடு கட்டுப்பட்டது. இதுபோன்ற வானொலி அலைக் கருவியை நாட்டுக்குள் கொண்டுவருவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். அவர் பணத்தை அனுப்பட்டும். நீங்கள் இலங்கைக் கணக்கில், வெல்லாவெளி முகவரிக்கே பதிவுசெய்யுங்கள். கணக்கை மகளின் மின்னஞ்சலில் திறந்தால், மறைப்பைப் பார்ப்பதையும் பழுதை முறையிடுவதையும் அவரே செய்துகொள்வார்.