1968 டாட்ஜ் சார்ஜர் காரை 1969 மாடல் மாதிரி மாற்ற முடியுமா?

தாராளமாக முடியும். இரண்டுக்கும் உடல்கூடு ஒன்றுதான்; கதவு, கூரை, கண்ணாடி எதையும் தொட வேண்டாம். முன்பக்கம் சுலபம். 1968 கிரில் (முன்பக்க வலைச்சட்டம்) இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கறுப்பு வாய் போல இருக்கும். 1969-இல் நடுவில் ஒரு தடுப்பு வந்தது. கிரில்லை மாற்றினால் முகம் மாறிவிடும்.

கஷ்டமெல்லாம் பின்பக்கத்தில்தான். 1968-க்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு வட்ட விளக்குகள். 1969-க்கு நீளமான இரண்டு. துளைகளின் வடிவமே வேறு என்பதால் விளக்கை மட்டும் மாற்றினால் பொருந்தாது. தகடுகளை இணைத்திருக்கும் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து, பின் தகட்டையே கழற்றிப் புதியதை வைத்துப் பற்றவைக்க வேண்டும். பழைய துளையைப் பட்டி போட்டு மூடுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைக் கொடுக்காதீர்கள்; சில வருடத்தில் அங்கே வெடித்து, துரு எட்டிப் பார்க்கும். பக்கவாட்டில் இருக்கும் சின்ன வட்ட விளக்குகளை மறந்துவிடாதீர்கள். 1969-இல் அவை செவ்வகம். தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பதே அங்கேதான்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக 1968, 1970 சார்ஜர்களை இப்படி 1969 ஆக்கி, குதிக்கவிட்டே நொறுக்கினார்கள். இன்று நல்ல 1968 கிடைப்பதே அரிது. அசல் பாகங்களோடு முழுசாக இருந்தால், தயவுசெய்து வெட்டாதீர்கள். பின்பக்கம் ஏற்கெனவே அரித்துப்போன வண்டி என்றால் தயங்க வேண்டாம்.

மாற்றிய பிறகும் டாஷ்போர்டில் உள்ள அடையாள எண்ணின் ஆறாவது எழுத்து, 1968-ஐக் குறிக்கும் 8 என்றே இருக்கும். அதில் கைவைப்பது குற்றம். விற்கும்போது மாற்றியதைச் சொல்லியே விற்றுவிடுங்கள்.