மழைக்கு முன் ஆர்க்கிட்

கேள்வி: கோடை முழுவதும் மொட்டை மாடியில் நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த டெண்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் தொட்டிகளை மழைக்காலத்தில் வீட்டுக்குள் எடுக்க வேண்டுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஃபெலனாப்சிஸைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் பிற்பாதியில் தொடங்கும், அப்போது இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் சில நாட்களில் செடியே அழுகிவிடக்கூடும் என்பதால், மாதத் தொடக்கத்திலேயே இடம் மாற்றுவது நல்லது. டெண்ட்ரோபியத்துக்குக் காற்றோட்டமான தாழ்வாரம் போதும். உள்ளே எடுக்கும் முன், இலைகளின் அடிப்புறத்திலும் கணுக்களிலும் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். தொட்டியைச் சிறிது நேரம் வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் எறும்புகள் வெளியேறும். கிழக்குச் சன்னலோரமே சிறந்த இடம். வேர் வெள்ளி நிறமாக வெளுத்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். பச்சையாக இருந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது, பொறுத்திருங்கள்.