பொண்ணு ஏவுகணைத் தடுப்பு படிக்கணும்னு சொல்றா, என்ன பண்றதுன்னு கேட்ட அம்மாவுக்கு

நேத்து பேசும்போது ரெண்டு மூணு தடவ சொன்னீங்க, "குண்டு பண்ற வேலைக்கா என் பொண்ண இவ்ளோ படிக்க வெச்சேன்"னு. அது மனசுலயே நின்னுடுச்சு, போன்ல அவசரமா சொல்றத விட உக்காந்து எழுதிடலாம்னு எழுதறேன். மொத விஷயம், அவ கேக்கறது குண்டு பண்ற படிப்பு இல்லம்மா. அணுகுண்டோட ஒரு மிசைல் கிளம்பினா அத எப்படி பாக்கறது, எப்படி தடுக்கறது, முதல்ல யாரும் அத கிளப்பாம எப்படி பாத்துக்கறது, இதத்தான் கேக்கறா. நான் புரிஞ்சுகிட்ட வரைக்கும் இந்தத் துறையோட உயிரே ஒரு கேள்விதான், ஸ்க்ரீன்ல தெரியறது நிஜமா, பொய்யா.

ஏன் அது அவ்ளோ பெருசுன்னா நேரம் அவ்ளோ கம்மி. கண்டம் விட்டு கண்டம் பாயற மிசைல் ஒரு முனையில கிளம்பி இன்னொரு முனையில விழ சுமார் அரை மணி நேரம். மொத மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம் எஞ்சின் எரியும், அந்த நெருப்ப சாட்டிலைட்ல இருக்கற அகச்சிவப்பு கண்ணு புடிச்சிடும். அப்புறம் ஒரு இருபது நிமிஷம் விண்வெளியில சத்தமில்லாம போகும். கடைசியில காத்துக்குள்ள நுழைஞ்சு விழற வரைக்கும் ஒரு நிமிஷம் இருந்தா பெருசு. நடுவுல இருக்கற அந்த இருபது நிமிஷத்துல அடிச்சிடலாமேன்னு தோணும், ஆனா அங்க காத்தே இல்ல, காத்து இல்லாத இடத்துல இரும்புக் குண்டும் பலூனும் ஒரே வேகத்துலதான் போகும், அதனால எதிரி நிஜ குண்டோட நாலு பலூனையும் சேத்து விட்டா எது எதுன்னு பிரிக்கறதுக்குள்ள உயிரு போயிடும். இத்தனைக்கும் அடிக்கறதுன்னா பெரும்பாலும் வெடிச்சு அடிக்கறது கூட இல்ல, ரெண்டும் நேருக்கு நேர் மோதணும், செகண்டுக்கு பல கிலோமீட்டர் வேகத்துல.

அதனாலதான் தடுப்புங்கறத எந்த நாடும் முழுசா நம்பறதில்ல. அமெரிக்காகிட்ட இந்த மாதிரி தூர மிசைல தடுக்கன்னு தரையில இருக்கற இன்டர்செப்டர், அதாவது தடுப்பு மிசைல், 44, பெரும்பகுதி அலாஸ்காவுல, மிச்சம் கலிஃபோர்னியாவுல. அது வடகொரியா மாதிரி ஒரு நாடு ஒண்ணு ரெண்டு விட்டா தாங்கறதுக்கு, ரஷ்யா நூத்துக்கணக்குல விட்டா தாங்கறதுக்கு இல்ல. டெஸ்ட் பண்ணினதுலயே பாதிக்கு கொஞ்சம் மேலதான் சரியா போய் மோதியிருக்கு, அதுவும் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணின டெஸ்ட்ல. அப்ப இவ்ளோ வருஷமா உலகம் எப்படி தப்பிச்சுதுன்னா, "நீ மொதல்ல அடிச்சாலும் எனக்கு மிச்சம் இருக்கும், நான் திருப்பி அடிப்பேன்"ங்கற பயத்துலதான். அந்த மிச்சத்த காப்பாத்தத்தான் கடலுக்கடியில நீர்மூழ்கிக் கப்பல்ல மிசைல வெச்சுகிட்டு சுத்தறாங்க, அது எங்க இருக்குன்னு எதிரிக்கு தெரியாது. 1972ல அமெரிக்காவும் சோவியத்தும் சேந்து தடுப்பு மிசைல்களுக்கே ஒரு எல்லை போட்டு ஒப்பந்தம் கையெழுத்து போட்டாங்க, கேட்டா விசித்திரமா இருக்கும், ஆனா ஒருத்தன் கேடயம் பெருசாக்கினா இன்னொருத்தன் வாள் எண்ணிக்கைய கூட்டுவான்னு ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருந்துது. 2002ல அமெரிக்கா அதுலேர்ந்து வெளிய வந்துடுச்சு.

இந்த ஏற்பாட்டுல பெரிய ஆபத்து எதிரியோட கோபம் மட்டும் இல்லம்மா, பொய் அலாரம். 1979 நவம்பர்ல அமெரிக்க எச்சரிக்கை மையத்துல பயிற்சிக்கு வெச்சிருந்த தாக்குதல் டேட்டா நிஜ சிஸ்டத்துல ஓடி, சோவியத் மிசைல்கள் வருதுன்னு காட்டிடுச்சு. அடுத்த வருஷம் ஒரு சின்ன சிப் கெட்டுப்போய் திரும்ப அதே கதை. 1983 செப்டம்பர் 26, சோவியத் பக்கம், ஸ்டனிஸ்லாவ் பெட்ரோவ்னு ஒரு அதிகாரி ட்யூட்டியில இருக்கார், அமெரிக்காவுலேர்ந்து அஞ்சு மிசைல் கிளம்பிடுச்சுன்னு சாட்டிலைட் சொல்லுது, சைரன் அடிக்குது. அவரு யோசிச்சாரு, நெஜமாவே போர்னா அஞ்சே அஞ்சு மட்டுமா விடுவாங்க, தரையில இருக்கற ரேடாரும் ஒண்ணும் சொல்லலியேன்னு, மேலிடத்துக்கு பொய் அலாரம்னு சொல்லிட்டாரு. மேகத்து மேல பட்ட சூரிய வெளிச்சத்த சாட்டிலைட் நெருப்புன்னு நெனச்சிருக்கு. அவரு இன்ஜினியரா பயிற்சி எடுத்தவரு, மிஷின் தப்பு பண்ணும்னு தெரிஞ்சவரு. உங்க பொண்ணு போக நெனைக்கற இடத்துக்கு இப்படிப்பட்ட மனுஷங்க வேணும், நான் இத மனசார சொல்றேன்.

இன்னொண்ணு, இது அவகிட்டயும் சொல்லணும். 1991 பிப்ரவரி 25, வளைகுடா போர், சவுதியில தஹ்ரான். ஈராக் விட்ட ஸ்கட்ங்கற மிசைல அமெரிக்காவோட பேட்ரியாட்ங்கற தடுப்பு சிஸ்டம் தடுத்திருக்கணும், தடுக்கல, 28 அமெரிக்க வீரர்கள் செத்துட்டாங்க. அது சாதாரண வெடிமருந்துதான், அணுகுண்டு இல்ல, ஆனா காரணத்த பாருங்க. அந்த சிஸ்டத்தோட கடிகாரம் செகண்டுல பத்துல ஒரு பங்கா எண்ணும். 0.1ங்கற எண்ண கம்ப்யூட்டரோட பைனரியில, அதாவது வெறும் 0, 1 மட்டும் வெச்சு, எழுதினா முடியவே முடியாது, போய்கிட்டே இருக்கும், ஏதோ ஒரு இடத்துல வெட்டித்தான் ஆகணும். வெட்டினதுல விட்டுப்போனது கண்ணுக்கே தெரியாத துணுக்கு. ஆனா சிஸ்டம் நிறுத்தாம 100 மணி நேரம் ஓடிகிட்டிருந்துது, துணுக்கு சேந்து சேந்து 0.34 செகண்ட் ஆயிடுச்சு. அந்த 0.34 செகண்டுல ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல போயிடும். ரேடார் தப்பான எடத்துல தேடிச்சு, அங்க ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணிடுச்சு, தடுப்பு மிசைல் கிளம்பவே இல்ல. திருத்தின சாஃப்ட்வேர் தஹ்ரானுக்கு வந்து சேந்தது மறுநாள்.

இத படிச்சா என்ன படிக்க வைக்கணும்னு உங்களுக்கே பாதி புரிஞ்சிருக்கும். "மிசைல் டெக்னாலஜி"ன்னு பேர் போட்ட டிகிரிய பாத்து சேக்காதீங்க, பேருதான் பெருசா இருக்கும், அந்த ஒரு கதவு மூடிட்டா அவளுக்கு போக வழி இருக்காது. இளநிலைக்கு எலக்ட்ரானிக்ஸ், ஏரோஸ்பேஸ், இயற்பியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ், இந்த அஞ்சுல அவளுக்கு எது புடிக்குதோ அது. அதுக்குள்ள நிகழ்தகவு, லீனியர் ஆல்ஜிப்ரா, சிக்னல் ப்ராசஸிங், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் நாலும் கெட்டியா இருக்கணும். ரேடார்ல ஒரு புள்ளி அடுத்து எங்க வரும்னு கணிச்சு, வந்தத பாத்து கணிப்ப திருத்திக்கற கால்மன் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு, 1960ல வந்தது, இன்னிக்கும் மிசைல்லேர்ந்து டிரைவர் இல்லாத கார் வரைக்கும் அதுதான் ஓடுது. அதனால நாளைக்கு இந்த வேலை வேணாம்னு தோணினாலும் விமானப் போக்குவரத்து, வானிலை ரேடார், ரோபோன்னு போயிடலாம், படிப்பு வீண் போகாது. ஸ்பெஷலைசேஷன் எல்லாம் முதுநிலையில பாத்துக்கலாம்.

ஆயுதம் பக்கமே போக மனசு ஒப்பலன்னா அதுக்கும் வழி இருக்கு, இத நெறைய பேர் யோசிக்கறதே இல்ல. வியன்னாவுல அணு வெடிப்பு சோதனைத் தடை அமைப்புன்னு ஒண்ணு இருக்கு, உலகம் முழுக்க நில அதிர்வு, கடலுக்கடியில வர்ற சத்தம், காதுக்கு கேக்காத ஒலி, காத்துல கலந்த கதிரியக்கத் துகள், இந்த நாலையும் கேட்டுகிட்டே இருக்கற நிலையங்கள வெச்சிருக்காங்க. வடகொரியா ஒவ்வொரு தடவ சோதனை பண்ணினப்பவும் அந்த நிலையங்கள் புடிச்சிடுச்சு. புவி இயற்பியல் படிச்சவங்களுக்கு அங்க வேலை உண்டு. அதே ஊர்லதான், நாடுகள் அணுப்பொருள குண்டுக்கு திருப்பாம இருக்கான்னு சோதிக்கற சர்வதேச அணுசக்தி முகமையும் இருக்கு. பேச்சுவார்த்தை, கொள்கை பக்கம் ஆர்வம்னா சர்வதேச உறவுகளோ பொருளாதாரமோ படிக்கலாம், ஒருத்தர் மெரட்டினா இன்னொருத்தர் எப்ப நம்புவாருங்கறத ஆராய்ஞ்ச தாமஸ் ஷெல்லிங்குக்கு 2005ல பொருளாதார நோபலே குடுத்தாங்க.

மறைக்காம சொல்லிடறேன், பாதுகாப்புத் துறை வேலையில ரெண்டு கஷ்டம். ஒண்ணு குடியுரிமை, இந்த மாதிரி வேலைக்கு பொதுவா அந்தந்த நாட்டு குடிமக்கள மட்டும்தான் எடுப்பாங்க, அதனால வெளிநாட்டுல படிக்க அனுப்பறதுக்கு முன்னாடி எந்த நாட்டுல வேலை பாக்கப்போறாங்கறத முடிவு பண்ணிடுங்க, டிகிரிய வாங்கிட்டு வாசல்ல நிக்கற நெலம வரக்கூடாது. ரெண்டாவது, என்ன பண்றேன்னு உங்ககிட்ட கூட அவளால சொல்ல முடியாது, வருஷக்கணக்கா. இன்னிக்கு என்னடி பண்ணினன்னு கேட்டா ஒண்ணுமில்லம்மான்னுதான் வரும். அது அவளுக்கு கஷ்டமா இல்ல உங்களுக்கு கஷ்டமான்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கணும்.

அடுத்த வாரம் வரும்போது அவளையும் கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள ஒரு கணக்கு போட்டு வெக்கச் சொல்லுங்க, 0.1 அ பைனரியில எழுதி புள்ளிக்கு அப்புறம் 23 இடத்தோட வெட்டி, விட்டுப்போனத 36 லட்சத்தால பெருக்கிப் பாக்கட்டும், 100 மணி நேரத்துல அத்தன தடவ எண்ணியிருக்கும் அந்த கடிகாரம். விடை வருதா இல்லியாங்கறது முக்கியமில்ல, வரலன்னா ராத்திரி தூங்காம திரும்ப போட்டுப் பாத்தாளான்னு மட்டும் எனக்கு சொல்லுங்க. அந்த நோட்டயும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.