காவ் தாய் கோயிலும் கூ சி சுரங்கமும் ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: ஹோ சி மின் நகரில் எங்களுக்கு முழுதாகக் கிடைப்பது ஒரு நாள்தான். காவ் தாய் கோயிலையும் கூ சி போர்க்காலச் சுரங்கங்களையும் சேர்த்துக் காட்டும் வேன் பயணத்தில் போகலாமா? அப்பாவுக்கு 66 வயது, மூட்டுவலி உண்டு. அம்மா சுத்த சைவம். மகனுக்கு 10 வயது.

பதில்: போகலாம். ஆனால் நாளில் பாதி வண்டியிலேயே போய்விடும். வியட்நாமில் உருவான காவ் தாய் மதத்தின் தலைமைக் கோயில் இருக்கும் தை நின், நகரிலிருந்து வடமேற்கே சுமார் 100 கி.மீ. ஒரு வழிக்கே இரண்டரை முதல் மூன்று மணி நேரம். சுரங்கத்தைவிட, காலை மடக்கி உட்கார்ந்தே போவதுதான் அப்பாவுக்குப் பெரிய தொந்தரவு. பெரிய பேருந்தை விட்டுவிட்டு, ஆட்கள் குறைவான வேனாகப் பார்த்து அவருக்கு முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

கோயிலில் நாள்தோறும் நான்கு வழிபாடுகள்: காலை 6, பகல் 12, மாலை 6, நள்ளிரவு 12. பகல் பயணத்தில் உங்களுக்கு வாய்ப்பது 12 மணி வழிபாடு ஒன்றே. அதைத் தவறவிட்டால் மிஞ்சுவது வெறும் கட்டடம்தான். ஏழரைக்குக் கிளம்பினால் நிம்மதி, எட்டைத் தாண்டினால் சிக்கல். போகும் வழியில் அரக்குப்பூச்சுக் கைவினைக் கூடம் ஒன்றில் அரை மணி நேரம் நிறுத்தும் வண்டிகள் பல. நேரம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அங்கேதான். அந்த நிறுத்தம் போகும்போதா, திரும்பும்போதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

பதினொன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தால் கீழ்த்தளத்தின் ஓரங்களில் நடந்து பார்க்கலாம். வழிபாடு தொடங்கியபின் பார்வையாளர்களுக்கு மேல்மாடம்தான். செருப்பைக் கழற்ற வேண்டும். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். முகப்பைப் பார்த்து நின்றால் பெண்களுக்கு இடப்பக்க வாசல், ஆண்களுக்கு வலப்பக்க வாசல். குடும்பம் அங்கேயே பிரிந்துவிடுவதால், எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள்.

நுழைவாயில் ஓவியத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ, சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென், வியட்நாமியக் கவி நுயென் பின் கியெம் மூவரும் இருப்பார்கள். இந்த மதம் அவர்களைத் தன் ஞானிகளாகக் கொண்டாடுகிறது. உள்ளே நாகம் சுற்றிய தூண்கள், ஒன்பது படிநிலைகளாக உயரும் தரை, கடைசியில் பெரிய கோளத்தில், கடவுளின் சின்னமான ஒற்றை இடக்கண். குருமார்களின் மஞ்சள் உடை பௌத்தத்தையும், நீலம் தாவோ நெறியையும், சிவப்பு கன்ஃபூசிய நெறியையும் குறிக்கும். சாதாரண அடியார்களுக்கு வெள்ளை. ஃபிளாஷ் வேண்டாம்; பீடத்துக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கவும் வேண்டாம்.

வழிகாட்டிகள் பலர் இந்த வண்ணங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். 1926-இல் நிறுவப்பட்ட இந்த மதத்துக்குச் சொந்தப் படையே இருந்தது. 1950-களின் நடுவில் தென் வியட்நாம் ஆட்சியாளர் ங்கோ டின் டியெம் அந்தப் படையைக் கலைத்தார். மதத்தலைவர் ஃபாம் கோங் தாக் 1956-இல் கம்போடியாவுக்குப் போய், 1959-இல் அங்கேயே இறந்தார். வழியிலுள்ள டிராங் பாங்கில் வியட்நாம் போரின்போது, 1972 ஜூன் 8 அன்று, நேபாம் என்னும் தீக்குண்டு விழுந்தது. உலகமே பார்த்த அந்தப் புகைப்படத்தில் உடல் வெந்து ஓடிவரும் சிறுமி கிம் ஃபுக் அதுவரை ஒதுங்கியிருந்தது ஊரின் காவ் தாய் கோயிலில்தான். வண்டிகள் அங்கே நிற்பது அரிது. சன்னல் வழியாகவாவது காட்டச் சொல்லுங்கள்.

அம்மாவின் சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். மாதத்தில் சில நாள்களாவது சைவம் சாப்பிடுவது காவ் தாய் அடியார்களின் நெறி. அதனால் கோயில் பக்கம் ‘சய்’ (வியட்நாமிய மொழியில் சைவம்) என்று பலகை போட்ட சைவக் கடைகள் கிடைக்கும். பயணக் கட்டணத்தில் சேர்ந்துவரும் நெடுஞ்சாலை உணவகத்தில்தான் கவனம் தேவை: காய்கறி வதக்கலிலும் மீன் சாறு விழும். ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் போதாது, ‘சய்’ என்றே சொல்லுங்கள்.

வியட்நாம் போரில் அமெரிக்கப் படையை எதிர்த்த கெரில்லாக்கள் பதுங்கிய கூ சியில் பார்க்க விட்டிருக்கும் இடங்கள் இரண்டு. பென் டின் நகருக்குப் பக்கம், கூட்டம் அதிகம். பென் டுவொக் இன்னும் தள்ளி, சற்று அமைதி. எதுவானாலும் பொறிகள், குண்டுப் பள்ளங்கள், எதிரி கண்ணில் படாதபடி புகையைப் பல அறைகள் வழியாக இழுத்துத் தணித்துத் தரையோடு கசியவிட்ட சமையலறை எல்லாவற்றையும் மேலிருந்தே பார்க்கலாம். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கவே தேவையில்லை. போராளிகள் அன்று சாப்பிட்ட அவித்த மரவள்ளிக்கிழங்கும் மேலேதான் கிடைக்கும்.

உள்ளே போகிறவர்களுக்கு: பயணிகளுக்காக அகலப்படுத்தியும் உயரம் ஏறத்தாழ 1.2 மீட்டர்தான், குனிந்தும் தவழ்ந்தும் போக வேண்டும். பின்னால் ஆள் வந்துகொண்டிருந்தால் நடுவில் திரும்ப வழியில்லை. மூச்சு முட்டுவதாகப் பலர் பதறுவது அப்போதுதான். வரிசையில் கடைசியாக இறங்குங்கள், முதல் வெளியேறும் வழியிலேயே ஏறிவிடலாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் இறங்க வேண்டாம். அம்மாவுக்கு அன்று சேலை சரிப்படாது; சுடிதாரும் பிடிமானமான ஷூவும் போதும். அங்கே பயணிகளுக்காக உள்ள துப்பாக்கி சுடும் திடலின் சத்தத்தில் பையன் மிரளக்கூடும், காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள்.

ஆறு மணி நேர வண்டிப் பயணம் அப்பாவுக்கு ஆகாது என்றால் தை நின்னை விட்டுவிடுங்கள். காலையில் பென் டின், பிற்பகலில் நகரிலேயே உள்ள போர் எச்சங்கள் அருங்காட்சியகம். அங்கே, போரில் அமெரிக்கப் படை தூவிய ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சுக் களைக்கொல்லியின் பாதிப்புப் படங்கள் இருக்கும் கூடத்துக்குள் மட்டும் முதலில் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு மகனை அழைத்துப் போவதா என்று முடிவு செய்யுங்கள்.